குடில் பொம்மைகளும் கார்த்திகை மழையும்

செட்டிநாட்டில் மண்பாண்டம் செய்கிறவர்களுக்குக் கார்த்திகை பிறந்தால் மூன்று பண்டிகைகளின் வேலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். தீபத்துக்கு அகல், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை, பொங்கலுக்குப் பானை. மூன்றுக்கும் அதே கைகள், அதே சூளை. மழையும் அந்த மாதத்தில்தான் நம் பக்கம் பிடித்துக்கொள்ளும். 2024-இல் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் டிசம்பர் 1 அன்றே தொடங்கிவிட்டது. தீபமோ டிசம்பர் 13 அன்றுதான் வந்தது. அகலை முடித்துவிட்டுப் பொம்மையைத் தொடலாம் என்ற வழக்கம் அந்த வருடம் செல்லவில்லை. ஆள் போதாமல், கானாடுகாத்தான் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். நவம்பர் நடுவில் போனவள் டிசம்பர் கடைசி வாரம் வரை அங்கேயே இருந்தேன்.

ஜவுளிக்கடையில் பதினாறு வருடம் கணக்கு எழுதியவள் நான். திருவையில் உட்கார்ந்து ஒரு சட்டி வனைய எனக்குத் தெரியாது. அந்த ஆறு வாரத்தில் யாரும் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. பண்டிகை நெருக்கத்தில் ஒரு பட்டறைக்கு உதவப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். வனைவதற்குக் கை இருக்கிறது. மண் வடிகட்ட, பொம்மையைத் திருப்பி வைக்க, ஈரம் பார்க்க, எண்ண, கட்ட, பெட்டியில் அடுக்கத்தான் ஆள் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வனைந்தவரின் உழைப்பு முழுவதும் வீண்.

பட்டறை இருப்பது ஒரு பழைய நகரத்தார் வீட்டின் வாடகைப் பகுதியில். வளவு எனும் உள்வீட்டின் நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த பத்தி, அதாவது தாழ்வாரம். பொம்மைகள் காய்வது அந்தப் பத்தியில். சூளை மட்டும் அக்காவின் மாமனார் குடியிருக்கும் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. அவர் மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பத்துப் பெரியவர், எழுபது தாண்டியவர். ஐயனார் கோயிலுக்கு மண் குதிரை எடுத்துச் செல்லும் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்து பழகிய கை. அவர் என்னைத் 'தாயி' என்பார். நான் அவரை 'ஐயா' என்பேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவரிடம்தான்.

எங்களுக்கு வந்திருந்த வேலை நாற்பது சிறிய குடில் தொகுதிகள், பங்கு ஆலயம் ஒன்றுக்கு இரண்டடி உயரத்தில் ஒரு பெரிய தொகுதி. ஒரு தொகுதியில் குழந்தை இயேசு, மரியா, சூசையப்பர், வானதூதர், இடையர் மூவர், ஞானிகள் மூவர், மாடு, கழுதை, ஒட்டகம், ஆடு நான்கு. மொத்தம் பதினேழு. நாற்பதுக்கு 680. கூடுதலாக இருபது செய்தால் உடைசலுக்குப் போதும் என்று அக்கா சொன்னார். முதல் நாளே நான் மறுத்தது அந்தக் கணக்கைத்தான். அகலில் பத்து உடைந்தால் பத்து அகல் போயிற்று, அவ்வளவுதான். குடிலில் ஒரு சூசையப்பர் உடைந்தால் ஒரு தொகுதியே நின்றுவிடும். மிச்சம் இருக்கும் ஆட்டுக்குட்டியை அவர் இடத்தில் வைக்க முடியுமா? அதனால் நோட்டில் ஒவ்வொரு பொம்மைக்கும் தனி வரிசை போட்டேன்: வனைந்தது, காய்ந்தது, சூளைக்குப் போனது, முழுதாக வந்தது. ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது, வானதூதருக்கு இறக்கை போகிறது, ஆட்டுக்குக் கால் போகிறது, மாட்டுக்குக் கொம்பு போகிறது. மரியாவும் சூசையப்பரும் உருண்டையான உடம்பு, தப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு வானதூதரை ஐம்பத்தைந்தும், மரியாவை நாற்பத்தைந்தும் செய்தார்கள். இந்த வேலைக்கு உதவப் போகிறவர்கள் முதல் நாளே இப்படி ஒரு நோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் காப்பாற்றும்.

மண் கண்மாய் மண். சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது வட்டாட்சியர் அனுமதி வாங்கி எடுத்துச் சேர்த்துவைக்க வேண்டும். ஐப்பசியில் கண்மாய் பெருகிவிட்டால் பிறகு மண்ணைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அந்த வருடம் அகலுக்கே இருப்பு கரைந்துவிட்டது. பொம்மைக்கு வேறொரு இடத்திலிருந்து ஒரு வண்டி மண் வாங்கினார்கள். அவசரத்தில் அதை ஒரே ஒரு முறை, பெரிய கண் சல்லடையில் சலித்தோம். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தோம். அந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் காயவைப்பதைப் பற்றி. நான் நினைத்திருந்தது, வெயிலில் வைத்தால் காயும், மழை என்றால் காயாது என்பதுதான். அது பாதிதான் சரி. ஈரப் பொம்மையை வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளே சுருங்காது, கழுத்திலும் கக்கத்திலும் விரிசல் ஓடும். முதல் நான்கைந்து நாள் நிழல்தான் வேண்டும். ஆடு, வானதூதர் போன்றவற்றில் மெல்லிய பகுதி முந்திக் காய்ந்துவிடாமல் இறக்கையின் மேல் மட்டும் ஈரத்துணி போட வேண்டும். இந்த வீட்டில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பத்தியின் தரை ஆத்தங்குடிக் கல். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், காலுக்குக் குளுமை. பொம்மையை நேரே அதன்மேல் வைத்தால் அடிப்பக்கம் மூச்சுவிடாது. மேலே காய்ந்து அடி ஈரமாகவே நிற்கும். பாதத்தில் குறுக்கே பிளந்த முதல் பன்னிரண்டு இடையர்கள் அப்படிப் போனவர்கள்தான். பிறகு பலகை போட்டு, அதன்மேல் சலித்த சாம்பல் தூவி, பொம்மையை வைத்தோம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் அரைச்சுற்றுத் திருப்பி வைப்பது என் வேலை. அறுநூறு பொம்மையைத் திருப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்க வேண்டும்.

(வாங்க வருகிறவர்களில் பலர், "ஆத்தங்குடிக் கல் மாதிரி இதையும் சுடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். ஆத்தங்குடிக் கல் சூளைக்கே போவதில்லை. சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக வைப்பது அது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு தொழில். ஒன்றுக்குத் தண்ணீர் உயிர், மற்றதற்குத் தண்ணீர் எமன்.)

டிசம்பர் முதல் வாரத்தில் முதல் சூளை. நான்கு நாள் மழை விட்டு ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. பொம்மைகள் வெளுத்துவிட்டன. மண் வெளுத்தால் காய்ந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வண்டியில் மணல் பரப்பிக் கொண்டுபோய் அடுக்கினோம். பெரியவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். தீ மூட்டி முக்கால் மணி நேரம் இருக்கும், உள்ளே 'டப்' என்றது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன். மறுநாள் மாலை பிரித்தால் இருபத்து மூன்று உடைசல். அதில் பதினெட்டு ஆடுகள்.

பெரியவர் எழுந்து வந்து உடைந்த ஆட்டின் வயிற்றைப் பார்த்தார். உடம்பு கெட்டியாக, இரண்டு விரல் பருமன் இருந்தது. பொம்மைக்குள் காற்று அடைபட்டால் வெடிக்கும் என்று பலரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவர் சொன்னது வேறு. காற்று எதுவும் செய்யாது. உள்ளே நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல்தான் உடைக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் கடக்கும் வரை தீ ஊர்ந்துதான் போக வேண்டும், முதல் நாலைந்து மணி நேரம் வெறும் புகை மூட்டம்தான். எவ்வளவு பெரிய புரவியானாலும் உள்ளே கூடாக இருக்க வேண்டும், கூட்டுக்கு ஒரு துளை வேண்டும். அன்று முதல் ஆட்டின் வயிற்றைச் சுண்டுவிரலால் குடைந்து, அடியில் ஊசித் துளை போட்டோம். குழந்தை இயேசுவுக்கும் முதுகில் ஒரு துளை.

பிறகு என் கையில் ஒரு இடையரை எடுத்துக் கொடுத்தார். "கன்னத்தில் வைத்துப் பார் தாயி. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது." வைத்தேன். சில்லென்றுதான் இருந்தது. பக்கத்திலேயே பதினைந்து நாள் காய்ந்த ஒன்றைக் கொடுத்தார். அது வெறும் மண்ணாக, குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல் இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளுப்பு. உள்ளங்கை வேலை செய்து மரத்திருக்கும், அதற்கு இந்த வித்தியாசம் தெரியாது; கன்னத்துக்குத் தெரியும்.

எனக்கு அது பழகும் வரை சமையலறைத் தராசு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பலகையிலும் ஒரு பொம்மைக்கு அடியில் குறி கீறி, தினமும் காலையில் நிறுத்தேன். ஒரு இடையர் வனைந்த அன்று 412 கிராம். ஒன்பதாம் நாள் 331. பதினோராம் நாள் 330. பன்னிரண்டாம் நாளும் 330. எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். பதின்மூன்றாம் நாள் இரவு மழை கொட்டியது. காலையில் அதே பொம்மை 334. முற்றத்தில் விழுந்த மழையின் ஈரக்காற்றையே அது குடித்திருந்தது. காய்ந்த பொம்மையும் மழைக்காலத்தில் காய்ந்ததாகவே இருக்கும் என்று நம்ப முடியாது என்பதை அந்த நான்கு கிராம்தான் எனக்குக் காட்டியது. பெரியவரிடம் நோட்டைக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அதனால்தான் அகல் சூளை பிரித்த அன்று இரவே, அந்தச் சூடு ஆறும் முன், மறுநாள் சுட வேண்டிய பச்சைப் பொம்மையை அதற்குள் வைத்து மூடிவிடுவார்களாம். இரண்டாம் சூளைக்கு அப்படியே செய்தோம். ஒரு 'டப்' கூடக் கேட்கவில்லை.

விறகுக்கும் இதே நியாயம்தான். சீமைக்கருவேல் நன்றாக எரியும், ஆனால் நனைந்துவிட்டால் சூடெல்லாம் அதைக் காயவைப்பதற்கே போய்விடும். புகை ஏறிப் பொம்மையில் கருந்திட்டு விழும். தார்ப்பாய் வாங்குவதாக இருந்தால் முதல் தார்ப்பாய் விறகுக்கு.

இனி சல்லடையின் விலை. இரண்டாம் சூளையில் வந்தவை அழகான சிவப்பு. காவி பூசித் தேய்த்த மரியாவின் முகம் மினுமினுவென்று இருந்தது. பன்னிரண்டாம் தேதி வரை பெட்டியில் கட்டி அடுக்கினோம். அந்த இரண்டு மூன்று நாள் மழை ஓயவில்லை. பதினாறாம் தேதி, மார்கழி முதல் நாள், ஒரு பெட்டியில் ஞானி ஒருவரை மாற்றி வைக்கத் திறந்தேன். மரியாவின் கன்னத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு சில்லுப் பெயர்ந்து காகிதத்தில் கிடந்தது. பெயர்ந்த குழியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. யாரும் தொடவில்லை, பெட்டி விழவும் இல்லை. எல்லாப் பெட்டிகளையும் திறந்தோம். முப்பத்தொரு பொம்மைகளில் அதே குழி, அதே வெள்ளைப் புள்ளி.

அது நத்தை ஓடு. கண்மாய் மண்ணில் நத்தையும் சிப்பியும் நொறுங்கிக் கலந்திருக்கும். ஓடு சுண்ணாம்புச் சத்து. சூளையின் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து நீறுகிறது, நீறும்போது உப்புகிறது, உப்பும்போது மேலே இருக்கும் மண்ணைத் தள்ளிப் பெயர்க்கிறது. கோடையாக இருந்தால் மாதக்கணக்கில் கழித்து நடக்கும். மார்கழி ஈரத்தில் நான்கே நாளில் நடந்துவிட்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன், அதேதான், கடுகளவில்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. பெரியவர் திட்டவும் இல்லை. வேட்டியைக் கிழித்துத் தொட்டி வாயில் கட்டினார். மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, முதலில் சல்லடையிலும் பிறகு துணியிலுமாக வடித்தோம். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடிமண்ணை எடுத்து, பொடிமணல் சேர்த்து மிதித்தோம். இதற்கு மூன்று நாள் போயிற்று. ஏற்கெனவே பழைய மண்ணில் செய்து பச்சையாக நின்றவற்றுக்கு அவர் ஒரு வைத்தியம் சொன்னார். சூளையிலிருந்து எடுத்து ஆறியவுடனே தொட்டித் தண்ணீரில் முழுவதும் முக்கி ஊறவைக்க வேண்டும். ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்தால் சுண்ணாம்பு உடனே குழைந்து இருந்த இடத்திலேயே அடங்கிவிடும். பெயர வேண்டியது இருந்தாலும் நம் கண் முன்னாலேயே பெயர்ந்துவிடும். அதன் பிறகு மறுபடி காயவைத்து, குறைந்தது மூன்று நாள் திறந்து வைத்துப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். மூன்றாம் சூளையில் வந்த 140 பொம்மைகளை அப்படித்தான் முக்கினோம். நான்கு மட்டும் பெயர்ந்தன, அவையும் தொட்டியிலேயே.

கட்டுவதிலும் ஈரத்தை மறக்கக் கூடாது. வைக்கோல் மழையில் நமத்திருந்தால் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். முதல் சுற்று வெள்ளைத் தாள், அதன்மேல் செய்தித்தாள். நேரே செய்தித்தாளைச் சுற்றினால் மை சுட்ட மண்ணில் இறங்கிவிடும். பெட்டியை மூடியபின் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

விற்பனை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு விஷயம் மனதை அறுத்தது. ஒரு கடைக்காரர், பெட்டியில் 'மானாமதுரை' என்று அச்சடித்துத் தந்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அது அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடமும் பானையும் செய்து சம்பாதித்த பெயர். அக்கா முடியாது என்றுவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இரட்டிப்பானது. இன்னொரு கடை, நிறம் ஒன்றுபோல் இல்லை என்று இருபத்திரண்டாம் தேதி ஏழு தொகுதிகளைத் திருப்பி அனுப்பியது. விறகுச் சூளையில் நிறம் ஒன்றுபோல் வராது. தீ எங்கே பட்டதோ அங்கே சிவப்பு. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல், நிற வேறுபாட்டைக் காட்ட இரண்டு மாதிரிப் பொம்மைகளைக் கொடுத்து ஒப்புதல் வாங்காமல், இனி ஒரு பொம்மையும் வனையக் கூடாது என்று அக்காவின் நோட்டில் நானே எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

பெரிய தொகுதியைச் செய்தது முழுக்கப் பெரியவர்தான். ஒட்டகத்தை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். கால்களைப் புரவிக்குச் செய்வது போலக் குழல் குழலாக வனைந்து நிறுத்தி, மேலே வயிற்றைக் கட்டினார். கழுத்து மணி, நெற்றிப் பட்டம், சேணத்தின் குஞ்சம் எல்லாம் ஐயனார் குதிரைக்கு உள்ளவை. இடையர்களுக்கு நம் பக்கத்துத் தலைப்பாகை, தோளில் துண்டு. ஆலயத்திலிருந்து வந்த அருட்சகோதரி ஒட்டகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மாற்றச் சொல்வாரோ என்று எனக்குப் பயம். பெரியவர், இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். 1894-இல் கட்டியது, விதவிதமான வடிவத்தில் அச்செடுத்துச் சுட்ட செங்கல். நம் சீமையின் மண் கோயில் புரவிக்கும் நிற்கும், தேவாலயத்துத் தூணுக்கும் நிற்கும் என்றார். "இந்தக் கழுத்து மணி நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்" என்றார் சகோதரி.

குடிலை முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள், குழந்தையை மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலியில்தான் வைப்பார்கள். ஞானிகளை, அவர்கள் குழந்தையைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குத்தான் குடிலுக்குள் நகர்த்துவார்களாம். அதனால் பெரிய தொகுதியில் குழந்தைதான் கடைசியாகச் சுடப்பட்டது. 24-ஆம் தேதி மாலை அதை வெள்ளைத் துணியில் சுற்றி, நானும் பெரியவரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஆலயத்தில் ஒப்படைக்கும் முன் அவர் துணியை விலக்கி, குழந்தையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு நொடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சகோதரியின் கையில் கொடுத்தார்.

26-ஆம் தேதி காலை பொங்கல் பானைக்கு ஊறப்போட்டிருந்த மண்ணைக் கரைத்தோம். சல்லடையில் ஒரு முறை, வேட்டித் துணியில் இரண்டு முறை வடித்தோம். துணியில் ஒரு பிடி நத்தை ஓடு நின்றது.